புருஷன் உள்ளவளுக்கு இடமில்லை

சாந்தோமில் கடலைப் பார்த்துப் போகும் சந்து ஒன்றின் முனையில் அடைக்கல வீடு இருந்தது. முன்காலத்தில் யாரோ ஒரு துரையின் குதிரை லாயம். மாதா கோயில் பங்கைச் சேர்ந்த சில குடும்பங்கள் அதை வாடகைக்கு எடுத்து, நடுநடுவே தட்டி வைத்து மறைத்து, சுண்ணாம்பு அடித்து, போக்கிடம் இல்லாத பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் குடிவைத்திருந்தார்கள். காலையில் கஞ்சி, சாயங்காலம் சோறு. அந்தச் சோற்றுக்கு அரிசி சேர்த்துக் கொண்டுவருவது லூயிசாவின் பொறுப்பு.

லூயிசா பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வில்லியத்தின் குடும்பத்தோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை விடிந்ததும் துணிப்பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் போகும் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒரு பானையில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதை வாங்கிப் பையில் கொட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். கச்சேரி ரோட்டில் ஒரு வக்கீல் வீட்டு மாமிகூட மறக்காமல் எடுத்து வைப்பாள். "தாலியை இழந்துட்டு நிக்கறவாளுக்குத்தானே போறது? எங்காத்துல அதுக்கு இல்லேங்கறதே கெடையாது" என்பாள். கம்பெனிகளில் ஆளைக் குறைத்து, சம்பளத்தை வெட்டிக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. சில வீடுகள் கதவைத் திறப்பதை நிறுத்தியிருந்தன. லூயிசா அந்த வீடுகளையும் விடாமல் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவள் பச்சையம்மா. கோபாலபுரம் பங்களாக்கள் வரை கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள். விலையில் பிடிவாதக்காரி. ஆனால் பேரம் முடிந்த பிறகு ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். புருஷன் குப்பன் கட்டுமரத்தில் போகிறவன். எட்டு வயதில் ஒரு பெண்; முண்டகக்கண்ணி அம்மன் பேரை வைத்து, கண்ணி என்று கூப்பிடுவார்கள். இடுப்பில் ஒரு கைப்பிள்ளை.

அந்த வருஷம் வைகாசியில் அடித்த புயலில் குப்பத்தின் கடலோர வரிசைக் குடிசைகள் அத்தனையும் போய்விட்டன. கட்டுமரத்தை மேட்டுக்கு இழுக்கப் போன குப்பன்மேல் அலை அதே மரத்தைத் தூக்கிப் போட்டது. இடுப்பெலும்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. இனிமேல் கடல் இல்லை என்று ஆகிவிட்டது. குடிசை இருந்த மணலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதியை, இடம் தன்னுடையது என்று பத்திரத்தோடு வந்த ஒருவர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். குப்பனின் அக்காள் கொஞ்ச நாள் தன் குடிசையில் இடம் கொடுத்தாள். அவள் மருமகளுக்குப் பிரசவம் வந்ததும் அதுவும் இல்லையென்றானது.

அதற்குப் பிறகு அவர்கள் மதிலோரம் படுத்தார்கள், பூட்டிக் கிடந்த வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்தார்கள், விரட்டிய இடத்திலிருந்து இன்னும் விரட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். கைப்பிள்ளைக்கு மார்ச்சளி கட்டிக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை பச்சையம்மா மீன் கூடையை இறக்கி வைக்காமலே கேட்டாள்.

"டீச்சரம்மா, நீங்க அரிசி வாங்கிக்கினு போவீங்களே, அந்த வூட்டுல எங்களுக்கு ஒரு மூலை கெடைக்குமா?"

தம்பியிடம் கேட்டுத் தன் வீட்டுப் பின்புறத் தாழ்வாரத்திலேயே இவர்களை வைத்துக்கொள்ளலாமா என்று லூயிசா நினைத்ததுண்டு. வில்லியம் என்ன சொல்வான் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. அல்லது கேட்காமல் இருப்பதற்காக அவன் பதிலை அவளே முடிவு செய்துகொண்டாள். அன்று சாயங்காலமே பச்சையம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அடைக்கல வீட்டுத் தலைவர் ஸ்தனிஸ்லாஸிடம் போனாள்.

ஸ்தனிஸ்லாஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு அந்த வீடுதான் அவருக்கு எல்லாம். ஓடு ஒழுகினால் அவரே ஏணி வைத்து ஏறுவார். கைப்பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடுகிறதே" என்றார். பிறகு பச்சையம்மாவைக் கேட்டார்.

"புருஷன் இருக்கிறானா?"

"கீறாரு சாமி. கால்தான் வராது."

"குடிக்கிறவனா?"

"அதெல்லாம் தொட்டதில்ல சாமி."

அவர் லூயிசாவின் பக்கம் திரும்பினார். "லூயிசா, உனக்குத் தெரியாதது இல்லை" என்றார். "புருஷன் இருக்கிற ஒருத்தியை இரக்கப்பட்டுச் சேர்த்தோம். அவன் குடித்துவிட்டுச் சுவர் ஏறி வந்து என்ன செய்தான் என்று நீயும் பார்த்தாய். அவளுடைய பெண் குழந்தை இன்னும் ஆண்களைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறது. அதற்குப் பிறகு போலீஸ், விசாரணை. பாதிப் பேர் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். புருஷன் உள்ளவளுக்கு இங்கே இடமில்லை என்று சத்தியம் செய்துகொடுத்துத்தான் இந்த வீட்டை மூடாமல் காப்பாற்றினேன். இந்த ஒருத்திக்காக உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் தெருவில் விடச் சொல்கிறாயா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. லூயிசா பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலுக்கு வந்ததும் ஆத்திரம் பொங்கியது.

"புருஷன் இல்லைன்னு ஒருத்தி வந்திருந்தா இந்நேரம் பாயை விரிச்சுப் போட்டிருப்பாங்க" என்றாள்.

ஸ்தனிஸ்லாஸின் மேல் இருந்த கோபத்தில் சொன்னது. பச்சையம்மா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நான் வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் லூயிசா அரிசியைக் கொண்டுபோய் அடைக்கல வீட்டில் இறக்கிக்கொண்டிருந்தபோது பச்சையம்மா வந்து வாசலில் நின்றாள். கைகள் மொட்டையாக இருந்தன. நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தில் கயிறு இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நோரா, தானும் விதவையானவள், பார்த்த உடனே எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போம்மா?"

"புயல்ல அடிபட்டவரு. தேறல" என்றாள் பச்சையம்மா.

நோரா குனிந்து கண்ணியைக் கேட்டாள். "உன் நைனா எங்கே கண்ணு?"

"புயல்ல பூட்டாரு."

ஒப்பித்த பாடம் போலத்தான் சொன்னாள். ஆனால் அப்பன் செத்த பிள்ளை அப்படிச் சொல்வதும் உண்டு என்று நோராவுக்குத் தெரியும். அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பக்கத்து அறையிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் வந்தார். அன்று வந்தவள்தான் என்று அடையாளம் கண்டுகொண்டதும் அவர் முகம் மாறிப்போயிற்று. "அன்றைக்கு உயிரோடு இருந்தானே" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு லூயிசாவைப் பார்த்தார். "உனக்குத் தெரிந்த குடும்பம்தானே?"

முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் லூயிசா குப்பனைப் பார்த்திருந்தாள். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அறுந்த வலை ஒன்றை முடிந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

"தெரியும்" என்றாள் லூயிசா.

பச்சையம்மாவுக்கு ஒரு பாய் கிடைத்தது. கைப்பிள்ளைக்கு மருந்து கிடைத்தது. கண்ணியை லூயிசாவின் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள்.

குயில்தோப்புப் பக்கம், ஆறு கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஷாஹுல் ஹமீது என்பவர் விறகுத் தொட்டி வைத்திருந்தார். அடுக்கிய சவுக்குக் கட்டைகளுக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அங்கே படுத்துக்கொள்ளக் குப்பனுக்கு அவர் அனுமதி கொடுத்திருந்தார். பச்சையம்மா மீன் விற்கப் போகிறேன் என்று காலையில் கிளம்பி, விற்ற பிறகு சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சோறு கொடுத்துவிட்டு வருவாள். அவள் போக முடியாத நாட்களில் லூயிசா போனாள். அரிசி வசூலிக்கும் பெண் எந்தத் தெருவில் நடந்தாலும் யாரும் கேட்பதில்லை.

முதல் தடவை போனபோது சோற்றை அவனிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன் குப்பா. இப்படி ஆகும்னு நெனைக்கல."

"நீங்க சொன்னதுதாம்மா வழி" என்றான் குப்பன். "அவ ஒத்துக்கல. ரெண்டு நாளு அழுதுக்கினே கெடந்தா. புள்ளைக்கு மூச்சு இழுத்துக்கிச்சு. அப்பால நாந்தான் அவளைக் குந்த வெச்சு தாலிய அறுத்தேன். கட்டுனதும் நான், அறுத்ததும் நான். வேற எவனுக்கு இந்த மாதிரி வாய்க்கும்?"

சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. அது நிற்கும்வரை லூயிசா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றான் பிறகு. "பொண்ணைப் பாக்கணும். ஒரு வாட்டி. தூரத்துலேந்து பாத்தா போதும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நோரா அடைக்கல வீட்டுப் பிள்ளைகளை வரிசையாகக் கடற்கரைக்குக் கூட்டிப் போவாள். ரோட்டுத் திருப்பத்தில் இருந்தால் பார்க்கலாம் என்று லூயிசா சொன்னாள். அந்த வாரம் அவளும் பிள்ளைகளோடு போனாள். குப்பன் முகம் கழுவி, வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, திருப்பத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான்.

வரிசை அவனைத் தாண்டிப் போனது. கண்ணி பின்வரிசையில் ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பனை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள் என்று லூயிசாவுக்குத் தெரிந்தது. நடை கொஞ்சம் தடுமாறியது. பிறகு தலையை நேரே வைத்துக்கொண்டு, முன்னால் போகிறவளின் பின்னலையே பார்த்தபடி, அவனுக்கு ஒரு கை தூரத்தில் கடந்து போனாள். திரும்பவே இல்லை. மணலுக்குப் போன பிறகும் மற்றப் பிள்ளைகளோடு விளையாடாமல் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் லூயிசா சோறு கொண்டுபோனபோது குப்பன் சாப்பிடாமல் அதைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நல்லா கத்துக்கினா" என்றான். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன், என்னைக் கண்டா பாக்காதன்னு. இம்மாம் நல்லா கத்துக்குவான்னு நெனைக்கல."

மார்கழியில் அடைக்கல வீட்டுக் கமிட்டி கூடியது. லூயிசா அதுவரை கூட்டங்களில் வாய் திறந்ததில்லை. அன்று எழுந்து நின்று, லாயத்தின் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு கொட்டகை போடலாம், தனி வாசல் வைக்கலாம், புருஷன் பெண்டாட்டியாக வீடு இழந்தவர்களை அங்கே தங்க வைக்கலாம் என்றாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. சொன்னால் அன்றைக்கே அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள் என்று பயந்து விழுங்கிக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் பொறுமையாகக் கேட்டார். "நல்ல யோசனைதான். யார் கொடுப்பார்கள், லூயிசா? நீதான் வீடு வீடாகப் போகிறவள். விதவைக்கு, அநாதைக்கு என்று கேட்டால் ஒரு பிடி போடுகிறார்கள். புருஷனோடு இருக்கிறவளுக்கு என்று கேட்டுப் பார். அவனுக்குக் கையில்லையா, காலில்லையா என்பார்கள்."

அந்தச் சனிக்கிழமை லூயிசா கேட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரர்கள் அவர் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். வக்கீல் வீட்டு மாமி மட்டும், "பாவம்தான்" என்றாள். ஆனால் அவளும் பானையை அதற்காக எடுத்துவரவில்லை.

தை மாதம் பனி கடுமையாக இருந்தது. குப்பனுக்குக் காய்ச்சல் வந்தது. ஷாஹுல் ஹமீது தன் பழைய கம்பளியைக் கொடுத்து, கடையிலிருந்து டீ வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வைக்கலாம் என்று லூயிசா சொன்னபோது குப்பன் மறுத்தான். ஆஸ்பத்திரியில் பெண்டாட்டி பேரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், விஷயம் எங்காவது சுற்றிச் சாந்தோமுக்கு வந்துவிடும் என்றான். அவனை வற்புறுத்தி ஏற்றியிருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று அவள் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஷாஹுல் ஹமீதே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"காலையிலே டீ கொண்டுபோனேன்மா. எழுந்திருக்கல" என்றார். "அவங்க குப்பத்துக்கு ஆள் அனுப்பிட்டேன். வந்து எடுத்துக்கினு போயிட்டாங்க. அந்தம்மாவுக்கு நீங்கதான் சொல்லணும்."

அடைக்கல வீட்டு முற்றத்தில் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மா அன்று மீன் கிடைக்காமல் சீக்கிரம் திரும்பியிருந்தாள். லூயிசா அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

பச்சையம்மாவின் முறம் ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடி புடைக்கத் தொடங்கினாள். எதிரே உட்கார்ந்திருந்தவள் கைப்பிள்ளையின் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "தேவலாம்" என்றாள் பச்சையம்மா. முறத்திலிருந்த அரிசி முழுவதையும் புடைத்து, கல் பொறுக்கி, கூடையில் கொட்டிவிட்டுத்தான் எழுந்தாள். காலி மீன் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"மாசிலாமணியோட கட்டுமரம் கரைக்கு வர்ற நேரம். மீன் இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று நோராவிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். லூயிசா பின்னாலேயே போனாள்.

குப்பத்தில் உடலை அக்காள் குடிசையின் முன்னால் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டு மாரடித்து அழுதார்கள். கூடையோடு வந்த பச்சையம்மாவைப் பார்த்ததும் அழுகை நின்றது. கூட்டம் அவளுக்கு விலகி வழிவிடவில்லை. குப்பனின் அக்காள் எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"எங்க வந்த?"

"பாக்கணும் அண்ணி."

"அவன் உசுரோட கீறப்பவே வளையலை ஒடைச்சிப் போட்டுட்டு சோத்துக்குப் பூட்டவ நீ. உன் வாயால செத்துட்டான்னு சொன்ன. செத்துட்டான். இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"அவருதான் அண்ணி அறுத்தாரு."

"கையில வளையல் கீதா உனக்கு, ஒடைக்கறதுக்கு? நெத்தியில இன்னா கீது, அழிக்கறதுக்கு? எதை வெச்சு உனக்குச் சடங்கு செய்யச் சொல்ற?"

லூயிசா முன்னால் போய், "அவள் மேலே தப்பில்லை. நான்தான்..." என்று ஆரம்பித்தாள். "நீங்க போங்கம்மா" என்று ஒரு கிழவர் சாந்தமாகவே சொன்னார். "இது எங்க வூட்டு சாவு."

உடலை எடுத்தபோது பச்சையம்மா வேலிக்குப் பக்கத்தில் நின்றாள். பாடை அவளைத் தாண்டிப் போனது. அவள் குனிந்து ஒரு பிடி மணலை எடுத்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாதவள் போல விரல் நடுவே கொட்டிவிட்டாள்.

திரும்பி வரும்போது லூயிசாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கண்ணியாண்ட நீங்க சொல்லிடுங்கம்மா. என் வாயால ஒரு வாட்டி சொல்லிட்டேன். மறுபடி எப்படிச் சொல்றது?"

மறுநாள் இடைவேளையில் லூயிசா கண்ணியை வாதுமை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "உங்க நைனா..." என்று தொடங்கினாள்.

"எங்க நைனா புயல்ல பூட்டாரு டீச்சர்."

"என்கிட்ட நீ அப்படிச் சொல்ல வேண்டாம்மா. எனக்கு எல்லாம் தெரியும். உங்க நைனாவுக்கு நான்தான் சோறு கொண்டுபோவேன். நேத்து..."

"புயல்ல பூட்டாரு" என்றாள் கண்ணி மறுபடி. லூயிசாவின் முகத்தையே பார்த்தாள். இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறாளா, அல்லது புரிந்துகொண்டுதான் கேட்க மறுக்கிறாளா என்று லூயிசாவுக்குத் தெரியவில்லை. போய் விளையாடு என்றாள். கண்ணி போகவில்லை, மணியடிக்கும்வரை அதே இடத்தில் நின்றாள். அன்று சாயங்காலம் குழந்தை சோற்றைத் தொடவில்லை, வயிற்று வலி என்கிறாள் என்று நோரா சொன்னாள்.

அதற்கு மேல் லூயிசாவால் அடக்கிவைக்க முடியவில்லை. ஸ்தனிஸ்லாஸின் வீட்டுக்குப் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்க?"

அவர் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். உள்ளே எழுந்து போய் வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அவள் இருக்கட்டும்" என்றார். "கமிட்டிக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். இப்போது அவளுக்குப் புருஷன் இல்லை. விதிக்கு விரோதமாக எதுவும் இல்லை." பிறகு, அவளைப் பார்க்காமல், "சனிக்கிழமை அரிசிக்குப் போவாய் அல்லவா?" என்று கேட்டார்.

"போவேன்" என்றாள் லூயிசா. போகாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் விடியற்காலையிலேயே அடைக்கல வீட்டுக்குப் போனாள். பச்சையம்மா கிணற்றடியில் உட்கார்ந்து பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். லூயிசா பக்கத்தில் குந்தினாள்.

"பெரியவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் பச்சையம்மா. இங்கேயே இருக்கலாம்னுட்டார். இனிமே நீ பயப்பட வேண்டாம். நோராகிட்டயும் சொல்லிக்கலாம். அழணும்னா அழு. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பச்சையம்மா துணியைப் பிழிந்து கல்லின்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியது, உதடு நடுங்கியது. லூயிசா அவள் தோளைத் தொட்டாள். ஆனால் எதுவும் வரவில்லை. முகம் பழையபடி ஆயிற்று.

"வரலம்மா" என்றாள்.

சமையல்கட்டில் கஞ்சிக்குத் தகரத்தைத் தட்டினார்கள். பிள்ளைகள் தட்டுகளோடு ஓடிவந்தார்கள். கடைசியில் நிற்கிறவர்களுக்கு வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். பச்சையம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து, கைப்பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணிக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றாள்.